கோடர் ஜோக் டீ-சேர்ட்டும் மக்கும்: திருகோணமலைக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு போகலாம். துணிக்கு ஐந்தில் மூன்று, அச்சுக்கு நாலு, மக்குக்கு நாலரை. ஜோக்குகளுக்கு மட்டும் மொத்தமாக ஒரு மார்க் போட முடியவில்லை. சிலதுக்கு முழு ஐந்தும் கொடுக்கலாம், சிலதை அச்சடித்ததற்கே கழிக்க வேண்டும், அதனால்தான் இது இவ்வளவு நீளம்.

கடை மத்திய வீதியில் இருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. கலியாண அல்பம், விளையாட்டுப் போட்டிக் கிண்ணம், பிறந்தநாள் படம் போட்ட மக், திருவிழா நோட்டீஸ், இதுதான் அவர்களுக்குச் சோறு போடுகிற வேலை. கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற பெடியள் யாரோ தங்கள் பட்ச்சுக்கு டீ-சேர்ட் அடிக்கப் போய், மிச்ச டிசைன்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் தங்களுடையதைக் கொண்டுபோய்க் கொடுக்க, இப்போது கடைக் கணினியில் புரோகிராமர் ஜோக்குக்கென்றே தனியாக ஒரு போல்டர் இருக்கிறது. போய்க் கேட்டால் திறந்து காட்டுவார்கள், பிடித்ததைச் சொன்னால் அடித்துத் தருவார்கள்.

கடையின் பெயரை நான் போடவில்லை. முதலாளி ஐயாவிடம் கேட்டேன், "வேண்டாம் பிள்ளை, ஓடர் கூடினா செய்ய ஆள் இல்லை" என்றுவிட்டார். ஊர்க்காரருக்குத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை.

சரி, ஜோக்குக்கு நான் எப்படி மார்க் போடுகிறேன் என்றால், மூன்றே கேள்விதான். அது உண்மையா, இன்றைக்கும் உண்மையா, போட்டுக்கொண்டு திரிகிறவர் அந்த மொழியில் நாலு வரியாவது எழுதி அடி வாங்கியவரா. மூன்றாவதைக் கடைக்காரர் பார்க்க முடியாது, அது வாங்குகிறவரின் மனச்சாட்சி. முதல் இரண்டையும் நான் பார்க்கலாம்.

அங்கே அதிகம் விற்கிறது என்று கடையில் வேலை செய்கிற தம்பி சொன்ன டீ-சேர்ட்டில் இருந்து தொடங்குவோம். மேலே "ஜாவாஸ்கிரிப்ட்டை ஆண்டு ஒன்றில் சேர்த்துவிடுங்கள்" என்று தமிழில் இருக்கிறது, கீழே பெரிதாக 0.1 + 0.2 = 0.30000000000000004. ஜாவாஸ்கிரிப்ட் என்பது வலைப்பக்கங்களை இயக்குகிற நிரல் மொழி. பார்த்தவுடன் சிரிப்பு வரும், வடிவாகவும் இருக்கிறது, மார்க் ஒன்றுதான். ஏனென்றால் ஆள் மாறிப் பிடித்திருக்கிறார்கள். பைதன் என்ற வேறு மொழியைத் திறந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், இதே விடைதான். ஜாவாவில் டபுள் (தசம எண் வைக்கிற வகை) எடுத்தாலும் இதேதான், சீயிலும் கடைசித் தானம் வரை அச்சடிக்கச் சொன்னால் இதேதான். பத்தின் அடியில் மூன்றில் ஒன்றை எழுதப் போனால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, இரண்டின் அடியில் பத்தில் ஒன்றுக்கும் அதே கதி. கணினி ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். எப்படி வெட்டுவது என்று 1985இல் வந்த ஐ.ட்ரிபிள்.ஈ (பொறியியலாளர் அமைப்பு) 754 நியமம் சொல்கிறது, அநேகமாக எல்லா மொழியும் அதைத்தான் கடைப்பிடிக்கிறது. இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டைத் திட்டுவது, மழை பெய்ததற்குக் குடைக்காரனைத் திட்டுவது மாதிரி.

அதுவும் ஜாவாஸ்கிரிப்ட்டைத் திட்டக் காரணம் இல்லாத பஞ்சமா? எண்களை வரிசைப்படுத்து என்று வெறுமனே சொன்னால் அது எண்களை எழுத்தாக மாற்றி அகராதி வரிசையில் அடுக்கும். 1, 2, 3, 10, 21 என்று கொடுத்தால் 1, 10, 2, 21, 3 என்று திரும்பி வரும். உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதிக்கு அறைப் பட்டியல் செய்து கொடுத்தவர் யாரோ இதைக் கவனிக்கவில்லை, 1க்கு அடுத்து 10, 11, 12 என்று வரிசை போனதைப் பார்த்த வரவேற்பு மேசைப் பிள்ளை, இரண்டாம் அறையில் இருந்து ஒன்பது வரை யாரோ அழித்துவிட்டார்கள் என்று எனக்குப் போன் எடுத்தாள். அவள் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்திருந்தால் இருந்திருக்கும். ஆனால் அவள் ஏன் தள்ளிப் பார்க்க வேண்டும், ஒன்றுக்குப் பிறகு இரண்டு வரும் என்று நம்புவது அவள் பிழையா? இந்த வரிசையைத்தான் டீ-சேர்ட்டில் போட வேண்டும். நான் சொன்னேன், தம்பி குறித்துக்கொண்டான், போல்டரில் வந்துவிட்டதா என்று போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

நியாயத்துக்கு ஒன்று. பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்து நாளில் செய்து முடித்தார். பத்து நாளில் எனக்கு ஒரு விடுதியின் மெனுப் பக்கமே முடிவதில்லை, வாடிக்கையாளர் நண்டுக் கறி விலையை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒன்றுமில்லை என்று குறிக்கிற 'நல்'லின் வகை என்ன என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்', அதாவது ஒரு பொருள், என்று பதில் சொல்கிற பிழை அந்த அவசரக் காலத்தில் வந்தது, திருத்தினால் ஏற்கெனவே இருக்கிற வலைத்தளங்கள் உடையும் என்று இன்று வரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு மக் இருக்கிறது. காலிக் கோப்பையின் அடியில், குடித்து முடித்தால் தெரிகிற மாதிரி, 'ஆப்ஜெக்ட்' என்று எழுதியிருக்கிறது. முழு ஐந்து மார்க். யார் யோசித்தது என்று கேட்டேன், தம்பிக்கும் தெரியவில்லை.

அடுத்தது பி.எச்.பி, வலைத்தளங்களைப் பின்னால் இருந்து ஓட்டுகிற மொழி. இதில்தான் எனக்குக் கோபம் வரும் என்பதால் கொஞ்சம் நின்று எழுதுகிறேன். கறுப்பு டீ-சேர்ட், வெள்ளை எழுத்து, "0 == 'வணக்கம்'? ஓம் என்கிறது பி.எச்.பி". ஜோக் உண்மையாக இருந்தது. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால் எழுத்தை எண்ணாக்கப் பார்க்கும், ஆகவில்லை என்றால் சைபர், சைபரும் சைபரும் சமம், எல்லாம் சரி என்று போய்விடும். எத்தனை கடவுச்சொல் சோதனைகள் இந்த ஒரு இடத்தில் ஓட்டையாகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் 2020 நவம்பரில் பி.எச்.பி 8.0 வந்தபோது இதை மாற்றிவிட்டார்கள். இப்போது கேட்டால் இல்லை என்கிறது. காலாவதித் திகதி முடிந்த பால்மாவை இறாக்கையில் வைத்து விற்றால் சும்மா விடுவோமா? இந்த டீ-சேர்ட் மட்டும் விற்றுக்கொண்டிருக்கிறது.

இதைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பி.எச்.பி எழுதுவதே இல்லை. ஒருவன் ரஸ்ட் என்ற இன்னொரு மொழி படிக்கத் தொடங்கி இரண்டாம் பாடத்தில் நிற்கிறான், டீ-சேர்ட் முதலில் வந்துவிட்டது. நான் பல வருடமாகப் பி.எச்.பியில்தான் அரிசி வாங்குகிறேன். எனக்கு வேலை தருகிற நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் தளங்களில் அநேகமானவை வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஓடுகின்றன, அது பி.எச்.பி. நீங்கள் எதற்கெடுத்தாலும் பார்க்கிற விக்கிப்பீடியா ஓடுவதும் பி.எச்.பியில்தான்.

அதற்காக நான் அதன் வக்கீல் இல்லை. அந்த மொழியைக் கேலி செய்ய உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் தங்கமாகக் கிடக்கின்றன. ஓர் எழுத்துத் தொடருக்குள் இன்னொன்றைத் தேடுகிற பங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்கிற சின்னக் கட்டளைத் தொகுப்பு) வைக்கோல்போரை முதலில் கொடுத்து ஊசியைப் பிறகு கொடுக்க வேண்டும், பட்டியலுக்குள் தேடுகிற பங்ஷனுக்கு ஊசி முதல், வைக்கோல்போர் பிறகு. ஊசி, வைக்கோல்போர் என்பது நான் வைத்த பெயர் இல்லை, அவர்களுடைய கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. இது இன்றைக்கும் மாறவில்லை, இத்தனை வருடமாக எழுதியும் நான் ஒவ்வொரு முறையும் கையேட்டைத் திறக்கிறேன். இன்னொன்று இதைவிட நல்லது. கிரீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லெர்டோர்ஃப் இதை ஆரம்பித்த காலத்தில் பங்ஷன் பெயர்களைத் தேடிப் பிடிக்கிற உள் அட்டவணை, பெயரில் எத்தனை எழுத்து இருக்கிறது என்பதை வைத்துத்தான் பெட்டி பிரித்ததாம். எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்துவிடக் கூடாது என்று, வேறு வேறு நீளம் வருகிற மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார். அவரே சொன்னது. பெயர்கள் ஏன் ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாமல் இருக்கின்றன என்று தலையைப் பிய்த்தவர்களுக்கு இதுதான் விடை. சாத்திரியாரிடம் எண் பார்த்துப் பிள்ளைக்குப் பெயரை நீட்டுவதும் குறுக்குவதும் நம் ஊரில் நடக்கிறது, ஆனால் மொழிக்கே அப்படிச் செய்ததை இங்கேதான் கேள்விப்பட்டேன். இதை டீ-சேர்ட்டில் போட்டால் நான் இரண்டு வாங்குவேன்.

இனி நானே கொடுத்து அடித்த ஒன்று. 2014 பெப்ரவரியில் ஆப்பிள், ஐபோனை ஓட்டுகிற மென்பொருளுக்கு ஐ.ஓ.எஸ் 7.0.6 என்று ஓர் அவசரத் திருத்தம் விட்டது ஞாபகம் இருக்கலாம். பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கிற சீ மொழி நிரலில் 'கோட்டூ ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்கிற வரி அடுத்தடுத்து இரண்டு தரம் வந்திருந்தது. 'இஃப்'புக்குக் கீழே அடைப்புக்குறி போடவில்லை, ஆகவே முதல் வரி மட்டும்தான் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரி உள்ளே தள்ளி எழுதியிருந்ததால் பார்வைக்கு நிபந்தனையின் பிள்ளை மாதிரித் தெரிந்தாலும், எந்த நேரமும் ஓடியது. ஓடி, கையொப்பத்தைச் சோதிக்கிற இடத்தையே தாண்டிக் குதித்தது. அதுவரை பிழை ஒன்றும் பதிவாகவில்லை என்பதால் 'எல்லாம் சரி' என்ற பதிலோடு வெளியே வந்தது. அதாவது வங்கியின் தளம் மாதிரி வேடம் போட்டு இடையில் ஒருவன் உட்கார்ந்திருந்தாலும் போன் நம்பியிருக்கும். ஒற்றை வரி! இது மோசமான கோட் வரலாற்றில் என்னுடைய பிரியமான உருப்படி, அந்தப் பந்தியை அப்படியே டைப் செய்து கடைக்கு அனுப்பினேன், அந்த இரண்டு வரியும் சிவப்பில் வரட்டும் என்று சொன்னேன்.

எடுக்கப் போனால் டீ-சேர்ட்டில் ஒரு சிவப்பு வரிதான் இருக்கிறது.

"அக்கா, அதிலை ஒரே வரி ரெண்டு தரம் கிடந்துது. கொப்பி பண்ணேக்க வந்திருக்கும் எண்டு ஒண்டை எடுத்திட்டன்" என்றான் தம்பி, உதவி செய்த முகத்தோடு.

2012 செப்டெம்பரில் வந்த ஐ.ஓ.எஸ் 6 தொடக்கம் ஆப்பிளில் ஒரு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்த வரியை, ஓ.எல்லுக்கு ஐ.சி.டி மட்டும் படித்த ஒரு பெடியன் அச்சடிக்கிறதுக்கு முதலே கண்டுபிடித்துத் திருத்திவிட்டான். கடையிலேயே சிரித்துவிட்டேன், பாவம் அவன் பயந்துபோனான். விஷயத்தைச் சொன்ன பிறகு ஐயா காசு வாங்காமல் இரண்டாவது ஒன்று சரியான பிழையோடு அடித்துத் தந்தார், அதற்காகவே சேவைக்கு ஐந்து மார்க். ஆனால் நான் போடுவது முதலாவதைத்தான். கொழும்பு அலுவலகத்தோடு வீடியோவில் பேசும்போது விஷயம் தெரிந்தவர்கள் உற்றுப் பார்ப்பார்கள், "இதில் பிழை எங்கே?" என்பார்கள். "திருகோணமலையில் திருத்திவிட்டார்கள்" என்பேன்.

இதில் இருந்து கிடைக்கிற ஒரே அறிவுரை, நிரலை எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். தம்பியின் கெட்டித்தனம் ஒரு பக்கம் இருக்க, அவர்கள் பாவிக்கிற மென்பொருள் நேரான மேற்கோள் குறிகளைத் தானாகவே வளைத்து அழகாக்கிவிடும். வளைந்த குறியை அநேகமான கொம்பைலர்கள் (நிரலைக் கணினிக்கு மொழிபெயர்ப்பவை) ஏற்றுக்கொள்ளா. போல்டரில் இருக்கிற பழைய டிசைன்களில் பலதில் இந்த வளைந்த குறிகள்தான். வரிசையாக வருகிற இரண்டு சிறு கோட்டை ஒரு நீளக் கோடாக ஒட்டிவிடும், வரியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது இன்னொரு கூத்து. இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில் இருப்பதைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு நட்சத்திரங்களைக் கண்ணில் இருந்து மறைத்துவிடும், தம்பி அதைப் பார்த்துத் திரும்ப அடிப்பான், நட்சத்திரம் போட்டு எழுதுகிற சீ மொழியின் பொயின்டர்கள் (நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டுபவை) எல்லாம் காணாமல் போயிருக்கும். பொயின்டரே இல்லாத சீ. சிலருக்கு அது கனவு மொழியாகவும் இருக்கலாம்.

வங்கி, அரசு வேலைகளுக்குப் பாவித்த பழைய மொழியான கோபோல் பற்றிய டீ-சேர்ட்டில் ஒரு டைனோசர் நிற்கிறது. 1959இல் தொடங்கிய மொழி என்பதால் அந்தப் படம். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975இல் எழுதிய ஒரு குறிப்பில், இந்த மொழியைக் கற்பிப்பதைக் குற்றச்செயலாகவே கருத வேண்டும் என்கிற அளவுக்குப் போயிருந்தார், மொழி வெறுப்பு ஒன்றும் நம் தலைமுறைக் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் டைனோசர் செத்துப்போனது. கோபோல் சாகவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலை இழந்தவர்களின் விண்ணப்பம் குவிந்தபோது நியூ ஜேர்சி ஆளுநர் கோபோல் தெரிந்த ஆட்கள் உதவிக்கு வாருங்கள் என்று பகிரங்கமாகக் கேட்க வேண்டி வந்தது. உயிரோடு இருக்கிற ஒருவருக்குப் படம் போட்டு மாலை போட்டது போல இருக்கிறது என்று ஐயாவிடம் சொன்னேன், "அப்ப இதை விக்கக் கூடாதா?" என்றார். விற்கலாம், இரண்டு மார்க்.

ஜாவா டீ-சேர்ட் ஒன்றுதான் இருக்கிறது, 'அப்ஸ்ட்ராக்ட் சிங்கிள்டன் ப்ராக்ஸி ஃபக்டரி பீன்' என்ற பெயர் ஒரே சொல்லாக இடது கையில் தொடங்கி முதுகைச் சுற்றி வலது கைக்கு வருகிறது. ஸ்பிரிங் என்ற ஜாவாக் கட்டமைப்பில் உண்மையாகவே இருக்கிற கிளாஸ், இட்டுக்கட்டியது இல்லை. நாலு மார்க். "3 பில்லியன் கருவிகளில்" என்று வருடக் கணக்காக ஒரே தொகையைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நிறுவல் திரையையும் கீழே போட்டிருக்கலாம். முதல் நிரலுக்கே மூன்று அடுக்குச் சடங்கு வேண்டும் என்ற பழைய கேலியை அவர்கள் போடாதது நல்லது, 2025இல் வந்த ஜாவா 25இல் அந்தச் சடங்கு தேவையில்லை.

"தூக்கம் இல்லை, கோப்பி உண்டு" வகையறா ஒரு பத்துப் பதினைந்து இருக்கிறது. அதைத் தாதியும் போடலாம், இரவு பஸ் ஓட்டுகிறவரும் போடலாம். தாண்டிப் போங்கள்.

மக்குகள்தான் இந்தக் கடையில் நல்லது. நான் தினமும் பாவிப்பது விசுவல் பேசிக் 6 என்ற பழைய மைக்ரோசொப்ட் மொழியின் மக். அதில் 'ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்' என்ற ஒரே வரி, அடியில் சின்னதாகத் தமிழில் "என்ன நடந்தாலும் நீ உன் வேலையைப் பார்". அந்த வரியை நிரலின் தலையில் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்தப் பிழை வந்தாலும் கணினி வாய் திறக்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். பில் தொகை சைபர் என்று வரும், இருப்பு மைனஸில் போகும், திரையில் ஒரு எச்சரிக்கையும் இருக்காது. 1998இல் வந்த பதிப்பு, எழுதுகிற கருவிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2008இல் நிறுத்திவிட்டது, ஆனால் அதில் செய்த புரோகிராம்கள் விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன, அதுதான் அதன் வரமும் சாபமும். மக்கை வாங்கிக்கொண்டு பில்லுக்கு நின்றால் அந்தக் கடையின் பில் புரோகிராமே விசுவல் பேசிக் 6! சாம்பல் நிறப் பட்டன்கள், அச்சு அசல் அந்தக் காலம். பாதியில் ஏதோ பெட்டி வந்தது, ஐயா வாசிக்காமலே ஓகேயை அமத்தினார், பில் வந்தது. எழுதிக் கொடுத்தவர் கனடாவில் இருக்கிறாராம். யாரும் அதைத் தொடுவதில்லை, தொடவும் வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன்.

இரண்டாவது நல்ல மக்கில் ஒரு நேரம் மட்டும் இருக்கிறது: 2038 ஜனவரி 19, காலை 8:44:07. நேரத்தை 1970இல் இருந்து விநாடிகளாக எண்ணி 32 பிட்டுக்குள் வைத்திருக்கிற பழைய கணினிகளில் அந்தக் கணத்தோடு இடம் முடிந்து, அடுத்த விநாடி 1901க்குப் போய்விழும். உலகம் முழுக்க இதை 3:14:07 என்றுதான் போடுவார்கள், அது கிரீனிச் நேரம். இங்கே யாரோ யோசித்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டி நம் நேரத்தில் போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை, பொங்கல் முடிந்து சில நாள், சரியாகக் காலைப் பிளேன்டீ நேரம். இந்த அக்கறைக்காகவே மக் பிரிவுக்கு நாலரை. மிச்ச அரை ஏன் கொடுக்கவில்லை என்றால், கைப்பிடி வலது கைக்காரருக்குத்தான், நான் இடக்கைக்காரி, எழுத்து எனக்கு எதிரே இருப்பவருக்குத்தான் தெரிகிறது.

ஸ்டிக்கர்களில் இன்டர்கால் ஒன்று இருக்கிறது. 1972இல் பிரின்ஸ்டனில் டொன் வூட்ஸும் ஜேம்ஸ் லயனும் மற்ற மொழிகளைக் கேலி செய்யவென்றே செய்த மொழி. கட்டளைகளுக்கு முன்னால் இடைக்கிடை 'தயவுசெய்து' போட வேண்டும், குறைந்தால் மரியாதை போதாது என்று கொம்பைலர் மறுத்துவிடும், கூடினால் குழைகிறாய் என்று மறுத்துவிடும். கச்சேரிக்கு (அரச செயலகத்துக்கு) கடிதம் எழுதிப் பழகியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

வெள்ளை டீ-சேர்ட் ஒன்று மடித்து வைத்திருந்தார்கள், ஒன்றுமே அச்சடிக்கவில்லை. விலை அதே 1,850. கேட்டால் அது வைட்ஸ்பேஸ் மொழியில் எழுதிய புரோகிராமாம். அந்த மொழியில் இடைவெளி, டாப், புதிய வரி மூன்றுக்கும்தான் அர்த்தம், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தெல்லாம் கணக்கில் இல்லை. 2003 ஏப்ரல் முதலாம் திகதி வெளியானது, திகதியே சொல்கிறது. இதை வாங்கியவர் இருக்கிறாரா என்றேன், ஒருவர் இரண்டு வாங்கினாராம். ஐயாவுக்கு இந்த ஜோக் மட்டும் நன்றாக விளங்கிவிட்டது, இதில் அவருக்கு மை செலவு இல்லை. ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், வாங்க மாட்டேன்.

1993இல் ஊர்பன் மியூலர் செய்த, எட்டே எட்டுக் குறிகளால் ஆன மொழி ஒன்று உண்டு, பெயரை வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது. டீ-சேர்ட் முழுக்கக் கூட்டலும் கழித்தலும் சதுர அடைப்பும் புள்ளியுமாக இருக்கும். அம்மா அதைப் பார்த்து ஏதோ தையல் டிசைன் என்று நினைத்து நன்றாக இருக்கிறது என்றார், விட்டுவிட்டேன். கோவிலுக்குக்கூடப் போட்டுக்கொண்டு போகலாம், விளங்கினவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கேலி இல்லாத டீ-சேர்ட் ஒன்றே ஒன்று இருந்தது, அது எழில். முத்தையா அண்ணாமலை செய்த தமிழ் நிரல் மொழி. முன்னால் ஒரே வரி, பதிப்பி "வணக்கம்!", அவ்வளவுதான். டச்சுபே கடற்கரையில் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று சத்தமாக வாசித்துவிட்டு "என்னத்தைப் பதிக்கிறது, ஆன்ட்டி?" என்றது. விளக்க ஆரம்பித்தேன், அதற்குள் அதன் தகப்பன் ஐஸ்கிரீம் வாங்கிவிட்டார். இங்கேயும் மேற்கோள் குறி வளைந்துதான் இருக்கிறது, சொல்லித் திருத்தி அடியுங்கள்.

துணி பற்றிக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் அதில் சொல்ல நல்லது அதிகம் இல்லை. புரோகிராமர் டீ-சேர்ட் என்றால் கறுப்பு என்று எவன் விதித்தானோ தெரியாது, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கறுப்பைப் போட்டுக்கொண்டு உட்துறைமுக வீதியில் பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்து பாருங்கள், நல்ல ஜோக்கும் கசக்கும். ஒன்று இரண்டு அடிப்பதற்கு ஸ்கிரீன் வெட்டினால் கட்டுப்படியாகாது என்று பிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுகிறார்கள். நிறம் துல்லியமாக வருகிறது, ஆனால் ஒட்டின இடத்தில் காற்றுப் போகாது, நெஞ்சு முழுக்க டிசைன் என்றால் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி வியர்க்கும். சின்ன டிசைனாக, வெளிர் நிறப் பருத்தியில் கேளுங்கள், இருக்கிறது, கேட்டால்தான் எடுப்பார்கள். உட்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவையுங்கள், அச்சின் மேல் நேராக அயன் பிடிக்க வேண்டாம், என்னுடையது இன்னும் வெடிக்கவில்லை. பெண்களுக்கான அளவு என்று ஒன்று அங்கே கிடையாது. மீடியம் என்பது என் அண்ணாவின் மீடியம். வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் பெண்கள் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், "அடுத்த முறை கொண்டு வாறன்" என்றார்.

டீ-சேர்ட் 1,850, மக் 1,100, ஸ்டிக்கர் ஒரு தாள் 300. பாதிக் காசு முற்பணம், அடிப்பதற்கு முதல் படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள், அனுப்புவார்கள். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம், கிண்ணத்துக்கும் பதக்கத்துக்கும் பெயர் அடிக்கிற நெருக்கடியில் உங்கள் மக்கை எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள், அந்த நேரம் போகாதீர்கள். போயா தினத்திலும் பூட்டு.